தாத்தாவோட இந்தியா பேப்பர் இல்லாம ஓசிஐ கார்டு அப்ளை பண்றது எப்படி

மலேசியாவுல பேராக் மாநிலத்து சுங்கை சிப்புட் பக்கம் நம்ம ஆளுங்ககிட்ட ஓசிஐ கார்டு (ஓவர்சீஸ் சிட்டிசன் ஆஃப் இந்தியா, இந்திய வம்சாவளிக்காரங்களுக்கு இந்தியா குடுக்கற கார்டு) பத்தி பேச்செடுத்தா முக்காவாசி பேர் சொல்றது ஒண்ணுதான், "எங்க தாத்தா பொறப்பு பத்திரம் இல்லீங்க, எந்த ஊருன்னே சரியா தெரியாது, நமக்கெல்லாம் எங்க கிடைக்கப்போவுது". சொல்லிட்டு டீயை குடிச்சிட்டு எந்திரிச்சி போயிடறாங்க. உண்மையில அந்த பொறப்பு பத்திரம் தொலைஞ்சி போகல, பெரும்பாலும் அப்படி ஒண்ணு எழுதப்படவே இல்லை. தோட்டத்துக்கு ஆள் சேர்த்த கங்காணி கூட்டிட்டு வந்த காலத்து ஆளுங்கள்ல நிறைய பேருக்கு வயசே கெராணியார் (தோட்ட ஆபீஸ் கிளார்க்) குத்துமதிப்பா போட்டதுதான். அதனால இல்லாத பேப்பரை தேடி ஊருக்கு பிளேன் ஏறாதீங்க. மலேசியாவுல இருக்கற பேப்பரை வெச்சே பெரும்பாலான வேலையை முடிக்கலாம், எந்த பேப்பரை எந்த வரிசையில அடுக்கறதுன்னு தெரிஞ்சா போதும்.

முதல்ல ஒரு பயத்தை தீர்த்துடறேன். ஓசிஐ எடுத்தா நீல ஐசி (மலேசிய குடிமக்களோட அடையாள அட்டை) போயிடுமான்னு வயசானவங்க கேப்பாங்க, கேக்கறது நியாயம்தான், ஏன்னா மலேசியா ரெட்டை குடியுரிமையை ஒத்துக்காது, இந்தியாவும் ஒத்துக்காது. ஆனா பேருல சிட்டிசன்னு இருந்தாலும் ஓசிஐ குடியுரிமை கிடையாது. 2005-ல கொண்டு வந்த திட்டம், ஆயுசுக்கும் விசா மாதிரி, எத்தனை தடவை வேணா போகலாம் வரலாம், போலீஸ்ல பதிய வேணாம். ஓட்டு போட முடியாது, கவர்ன்மென்ட் வேலை கிடைக்காது, விவசாய நிலமோ தோட்டமோ வாங்க முடியாது. பிள்ளைய இந்தியாவுல டாக்டருக்கு படிக்க வைக்கலாம்னு எடுக்கறவங்க ஒண்ணு தெரிஞ்சிக்கங்க, 2021 மார்ச் அறிவிப்புக்கு அப்புறம் ஓசிஐ-காரங்களுக்கு என்ஆர்ஐ சீட்டு இல்லேன்னா வெளிநாட்டுக்காரங்களுக்குன்னு தனியா ஒதுக்கற சீட்டுதான், உள்ளூர் பிள்ளைங்க கோட்டாவுல போட்டி போட முடியாது.

இப்ப தலைமுறை கணக்கு. இங்கதான் நிறைய பேர் தப்பா எண்ணி "நான் அஞ்சாவது தலைமுறை, எனக்கு வராது"ன்னு முடிவு பண்ணிக்கிறாங்க. சட்டம் என்ன சொல்லுதுன்னா 1950 ஜனவரி 26 அன்னைக்கோ அதுக்கப்புறமோ இந்திய குடிமகனா இருந்தவர், இல்லேன்னா அன்னைக்கு குடிமகனாக தகுதி இருந்தவர், இவங்க ரெண்டு பேருல யாரா இருந்தாலும் அவரோட பிள்ளை, பேரன், கொள்ளுப்பேரன் வரைக்கும் அப்ளை பண்ணலாம். தகுதி இருந்தவர்ங்கற அந்த வார்த்தையை விட்டுடாதீங்க. யாருக்கு தகுதி இருந்திச்சின்னு இந்திய அரசாங்கத்தோட கேள்வி பதில் பக்கத்துலயே எழுதியிருக்கு: அவரோ, அவரோட அப்பா அம்மாவோ, தாத்தா பாட்டியோ 1935 இந்திய அரசு சட்டம் சொல்ற இந்தியாவுல பிறந்திருந்து, இவர் வெளிநாட்டுல குடியிருந்தா அன்னைக்கு அவருக்கு தகுதி உண்டு. அப்படின்னா எண்ண ஆரம்பிக்கிற ஆள் இந்தியாவுல பிறந்திருக்கணும்னு கட்டாயமே இல்லை!

உதாரணத்துக்கு, நாமக்கல் பக்கத்துலேருந்து வந்தவரோட மகன் இங்க தோட்டத்துல 1928-ல பிறந்தார்னு வெச்சுக்கங்க. 1950-ல அவர் உயிரோட இருந்தார், அவங்க அப்பா இந்தியாவுல பிறந்தவர், அதனால இந்த 1928 ஆளே முதல் ஆள். அவர் மகன் 1952, பேரன் 1978, கொள்ளுப்பேரன் 2004, எல்லாரும் உள்ள வந்துட்டாங்க. 2004 பையனுக்கு குழந்தை பிறந்தா அதுக்கும் வழி இருக்கு, ஏன்னா தகுதி உள்ளவங்களோட மைனர் பிள்ளைக்கும் சட்டத்துல தனியா இடம் குடுத்திருக்காங்க, 18 ஆகறதுக்குள்ள போட்டுடணும், அவ்வளவுதான். அந்த கேள்வி பதில் பக்கத்தை பிரிண்ட் எடுத்து ஃபைல்ல வெச்சுக்கங்க, கவுண்டர்ல இருக்கறவங்க எல்லாருக்கும் இது மனப்பாடமா இருக்கும்னு நினைக்காதீங்க.

தலைமுறை வரம்பு நாட்டுக்கு நாடு மாறுது. மொரிஷியஸ்காரங்களுக்கு 2024-ல ஏழாவது தலைமுறை வரைக்கும் திறந்து விட்டாங்க, டிரினிடாட்டுக்கு 2025-ல ஆறாவது வரைக்கும்னு அறிவிச்சாங்க. அதனால யாரோ வாட்சப்ல அனுப்பின பழைய மெசேஜை நம்பாம அப்ளை பண்ற வாரம் கோலாலம்பூர் இந்திய ஹை கமிஷன் வெப்சைட்டை திறந்து மலேசியாவுக்கு என்ன போட்டிருக்குன்னு நீங்களே பாருங்க.

அப்பா வழிதான் பாக்கணும்னு இல்லை. அம்மா வழி, அம்மாவோட அம்மா வழி, எதுல பேப்பர் ஜாஸ்தியோ அதுல போங்க, ஒரு வழி போதும். யாழ்ப்பாணத்துலேருந்து வந்த குடும்பம்னா இந்த கணக்கு பொருந்தாது, ஆனா கல்யாணத்துல எங்கயாவது இந்திய வழி கலந்திருந்தா அந்த பக்கமா பாருங்க. காரைக்கால் ஆளுங்களுக்கு தேதி வேற, பாண்டிச்சேரி 1962 ஆகஸ்ட் 16-லதான் சட்டப்படி சேர்ந்திச்சி, அதையும் சட்டம் ஒத்துக்குது. முன்னோர் பாகிஸ்தான், பங்களாதேஷ் குடிமகனா இருந்தா மட்டும் கதவு சாத்திடும்.

சரி, வேலையை எங்க ஆரம்பிக்கிறது? உங்ககிட்டேருந்து. தாத்தாகிட்டேருந்து கீழ இறங்கி வரக்கூடாது, உங்க சூராட் பெரானாக்லேருந்து (பொறப்பு பத்திரம்) மேல ஏறணும். உங்க பத்திரத்துல அப்பா பேரு இருக்கும், அப்பாவோட பத்திரத்துல தாத்தா பேரு, தாத்தாவோடதுல கொள்ளுத்தாத்தா பேரு, ஒவ்வொரு படியிலயும் ஒரு அரசாங்க பேப்பர் நின்னா போதும். எந்த படியில பேப்பர் இல்லையோ அங்க மட்டும்தான் உங்களுக்கு வேலை. ஒரு வெள்ளைத்தாள்ல குடும்ப மரம் வரைஞ்சி ஒவ்வொரு பேருக்கு பக்கத்துலயும் என்ன பேப்பர் கையில இருக்குன்னு எழுதினீங்கன்னா ஓட்டை எங்கன்னு தானா தெரியும். நிறைய குடும்பத்துல ஓட்டை ஒண்ணோ ரெண்டோதான், ஆனா போட்டு பாக்காததால எல்லாமே இல்லாத மாதிரி ஒரு மலைப்பு.

அப்பாவோட பத்திரம் கிழிஞ்சி போச்சி, கறையான் தின்னுடிச்சின்னா ஜேபிஎன்ல (தேசிய பதிவு இலாகா) சாபுத்தான், அதாவது பதிவோட நகல், கேளுங்க, பதிவேட்டுலேருந்து எடுத்து குடுப்பாங்க. பேரு, பிறந்த தேதி, எந்த தோட்டம், எந்த மாவட்டம்னு தெரிஞ்ச வரைக்கும் எழுதிட்டு போங்க. நம்ம பட்டணம் கோலகங்சார் மாவட்டத்துல வருது, ஆனா பிரசவத்துக்கு ஈப்போ பெரியாஸ்பத்திரிக்கு கொண்டு போயிருந்தா பதிவும் கிந்தா பக்கம் இருக்கலாம், அந்த காலத்துல எங்க பிறந்தாங்களோ அங்கதான் பதிவு. பதிவு இல்லேன்னு சொன்னா உடனே திரும்பி வராதீங்க, பேரை வேற எழுத்துல தேட சொல்லுங்க. முனியாண்டியை ஒய் போட்டு ஒருத்தர் எழுதியிருப்பார் ஐ போட்டு இன்னொருத்தர் எழுதியிருப்பார், ராமசாமி ராமாசமியா கிடப்பார், சில குழந்தைக்கு பேரே வைக்காம ஆண் குழந்தைன்னு மட்டும் பதிஞ்சிருப்பாங்க, அப்ப அப்பா பேரையும் தேதியையும் வெச்சித்தான் பிடிக்கணும்.

தாத்தா பாட்டி கல்யாண பத்திரம் இல்லேன்னு கவலைப்படாதீங்க. மாரியம்மன் கோயில்ல தாலி கட்டினதோட சரி, யாரும் பதியல. 1976 திருமண சீர்திருத்த சட்டம் 1982 மார்ச் 1-லதான் நடைமுறைக்கு வந்திச்சி, அதுக்கு முன்னாடி சாதி சமய வழக்கப்படி நடந்த கல்யாணம் பதியாமலே செல்லும்னு அந்த சட்டமே சொல்லுது. வேணும்னா பழைய கல்யாணத்தை இப்ப ஜேபிஎன்ல பதியறதுக்கும் வழி இருக்கு, ஆனா அதுக்கு புருஷன் பொஞ்சாதி உயிரோட இருந்தாத்தான் லேசு. இல்லேன்னா பிள்ளைங்களோட பத்திரத்துல ரெண்டு பேர் பேரும் சேர்ந்து இருக்கறதே நல்ல ஆதாரம், கூட ஒரு சூராட் அக்குவான் (சத்திய பத்திரம்) வெச்சிடுங்க.

இப்ப முக்கியமான கட்டம், மேல இருக்கற அந்த ஒரு ஆள் இந்தியாவுல பிறந்தார்னு எப்படி காட்டறது? இதுக்கு நான் முதல்ல தேடச் சொல்றது சிவப்பு ஐசி, குடியுரிமை இல்லாம இங்க நிரந்தரமா தங்கினவங்களோட அடையாள அட்டை. அந்த காலத்துல சிட்டிசன் கிடைக்காம இருந்தது எவ்வளவு பெரிய கொடுமைன்னு பெரியவங்களுக்கு தெரியும், இப்ப அதே சிவப்பு ஐசிதான் பேரப்பிள்ளைக்கு உதவுது பாருங்க. இங்க 1948 ஜூன் 16-ல நம்ம சுங்கை சிப்புட் பக்கம் எல்ஃபில் தோட்டத்துல வெள்ளைக்கார தொரைய சுட்டதுக்கு அப்புறம் எமர்ஜென்சி (கம்யூனிஸ்டுகளுக்கு எதிரான அவசரகாலம்) வந்திச்சி, அந்த கையோட 12 வயசுக்கு மேல எல்லாரும் ஐசி எடுத்தாகணும்னு வந்திச்சி, அதனால பெரும்பாலும் உங்க தாத்தாவோட முதல் அரசாங்க பேப்பர் அதுதான். அந்த பழைய ஐசி, அதுக்கப்புறம் மாத்தின ஐசி, ஃபோட்டோகாப்பியா இருந்தாலும் விடாதீங்க. 1990-க்கு அப்புறம் வந்த 12 இலக்க ஐசி நம்பர் தாத்தாவுக்கு இருந்தா நடுவுல இருக்கற ரெண்டு இலக்கத்தை பாருங்க, பேராக்ல பிறந்தவங்களுக்கு 08, இந்தியாவுல பிறந்தவங்களுக்கு 75. இது தனியா நிக்கற ஆதாரம் இல்லை, ஆனா ஜேபிஎன்ல போய் இவர் பிறந்த நாட்டை உறுதிப்படுத்தி குடுங்கன்னு கேக்க நல்ல பிடி. 75 இல்லேன்னா இந்தியாவுல பிறக்கலன்னு முடிவு கட்டிடாதீங்க.

அடுத்தது சிட்டிசன் பேப்பர். 1950, 60-கள்ல மனு போட்டு குடியுரிமை வாங்கினவங்களுக்கு ஒரு சான்றிதழ் குடுத்தாங்க, அதுல பிறந்த இடம் எழுதியிருக்கும், சில வீட்டுல ஃபிரேம் போட்டு சாமி ரூம்லயே மாட்டி வெச்சிருப்பாங்க. அப்புறம் இந்திய பாஸ்போர்ட், பழைய எண்ட்ரி பெர்மிட், 1968 வேலை கட்டுப்பாட்டு சட்டம் வந்தப்ப சிவப்பு ஐசிக்காரங்க எடுத்த ஒர்க் பெர்மிட். அந்த சமயத்துல பெர்மிட் கிடைக்காம ஆயிரக்கணக்குல குடும்பங்க ரஜுலா கப்பல் ஏறி ஊருக்கே திரும்பி போனாங்க, அப்படி போன பெரியப்பா, அத்தை வீட்டுல உங்க தாத்தாவோட பேப்பர் பத்திரமா இருக்க வாய்ப்பு இருக்கு, அவங்க அங்க ரேஷன் கார்டு வாங்க எல்லாத்தையும் கொண்டு போயிருப்பாங்க.

வீட்டுல தேடும்போது அரசாங்க முத்திரை இருக்கறதை மட்டும் பாக்காதீங்க. ஊருக்கு மணியார்டர் அனுப்பின ரசீது, நீல கலர் ஏர்மெயில் கடுதாசி, இதுல கிராமம், தபால் ஆபீஸ், தாலுக்கான்னு முழு விலாசம் இருக்கும், ஊர் பேரே தெரியாத குடும்பத்துக்கு இதை விட நல்ல துப்பு கிடையாது. குலதெய்வம் எதுன்னு ஆயாகிட்ட கேளுங்க, பேரை வெச்சே எந்த வட்டாரம்னு ஊர்ல உள்ளவங்க சொல்லிடுவாங்க. தமிழ் நேசன்ல மரண அறிவிப்பு போட்டிருந்தா அதுலயும் பிறந்த ஊர் இருக்கலாம், அந்த பேப்பர் 1924-லேருந்து 2019 வரைக்கும் வந்திச்சி. தமிழ்ப்பள்ளி சேர்க்கை பதிவேடு, தோட்ட மாதர் சங்க புத்தகம், என்யுபிடபிள்யூ (தோட்டத் தொழிலாளர் சங்கம்) சந்தா புத்தகம், துன் சம்பந்தன் ஆரம்பிச்ச கூட்டுறவு சங்கத்து பங்கு புத்தகம், இபிஎஃப் (சேமநிதி) வாரிசு பேப்பர், இதெல்லாம் பிறந்த நாட்டை காட்டாது, ஆனா இன்னாருக்கு இன்னார் மகன்னு காட்டும், படி உடையற இடத்துல முட்டு குடுக்கும். தோட்ட ஆபீஸ் செக்ரோல் (ஆள் பேர்ப்பதிவு புத்தகம்) இன்னும் இருக்கான்னு கேக்கலாம், ஆனா தோட்டம் கைமாறி கைமாறி இப்ப செம்பனையா, தாமானா (வீடமைப்பு பகுதி) ஆயிடிச்சி, அதுல ரொம்ப நேரம் போக்காதீங்க.

ஊர் பேர் கிடைச்சா அடுத்த குழப்பம் மாவட்டம். ஐசில சேலம்னு இருக்கும், இப்ப அந்த கிராமம் நாமக்கல் மாவட்டத்துல இருக்கும், அது 1997-லதான் பிரிஞ்சிச்சி. தஞ்சாவூர்னு இருக்கறது 1991-க்கு அப்புறம் நாகப்பட்டினமா இருக்கலாம், தென்னாற்காடுன்னா 1993-ல விழுப்புரம் தனியா போயிடிச்சி, திருச்சின்னு சொன்னதுல கொஞ்சம் 1974-லயே புதுக்கோட்டையாச்சு. பழைய பேரும் புது பேரும் ரெண்டையும் ஒரு தாள்ல எழுதி ஃபைல்ல வெச்சா, ரெண்டு பேப்பர்ல ரெண்டு மாவட்டம் இருக்கேன்னு ஆபீசர் கேக்கும்போது அங்கயே காட்டிடலாம்.

இதெல்லாம் பண்ணியும் இங்க ஆதாரம் பத்தலேன்னா அப்ப ஊருக்கு போங்க, சும்மா இல்லை, திட்டத்தோட. முதல்ல கிராம நிர்வாக அதிகாரியை பாருங்க, விஏஓன்னு சொல்வாங்க. தாத்தா பேர்லயோ அவங்க அப்பா பேர்லயோ பட்டா, பழைய சிட்டா, நில பத்திரம் ஏதாச்சும் இருக்கான்னு கேளுங்க. நிலத்தை எழுதி குடுத்துட்டு கப்பலேறினவங்க நிறைய, சார்பதிவாளர் ஆபீஸ்ல அந்த கிரயப் பத்திரம் பதிவா இருக்கும், அதுல இன்னார் மகன் இன்னார், இந்த ஊர்னு அழகா எழுதியிருப்பாங்க, நகல் கேட்டா குடுப்பாங்க. பொறப்பு பதிவை தாலுக்கா ஆபீஸ்ல தேடச் சொல்லலாம், இல்லேன்னா இல்லைன்னு எழுத்துல ஒரு சான்றிதழ் வாங்கிக்கங்க, நாம தேடினோம்ங்கறதுக்கு அது சாட்சி. பங்காளிங்க வீட்டுக்கு போகும்போது கொஞ்சம் பக்குவமா போங்க, மலேசியாவுலேருந்து பட்டா கேட்டு ஆள் வந்திருக்கான்னா நிலத்துல பங்கு கேக்க வந்திருக்கான்னுதான் முதல்ல நினைப்பாங்க. வந்த காரியம் கார்டுக்குதான்னு வாசல்லயே சொல்லிடுங்க.

பேர் மாறி மாறி இருக்கறதுக்கு மருந்து சூராட் அக்குவான். பெசுருஜாயா சும்பா (சத்தியப் பிரமாண ஆணையர்) முன்னாடி கையெழுத்து போடற சத்திய பத்திரம், 1960 சட்டப்படி. அதுல ரெண்டு பேரும் ஒரே ஆள்னு ஒரு வரி எழுதினா பத்தாது, எந்த பேப்பர்ல எப்படி எழுதியிருக்கு, நம்பர் என்ன, தேதி என்னன்னு ஒவ்வொண்ணா எழுதணும். முடிஞ்சா குடும்பத்தை நேர்ல தெரிஞ்ச பெரியவர் ஒருத்தரையும் தனியா ஒண்ணு போடச் சொல்லுங்க, அதே லயத்துல (தோட்டத்து வரிசை வீடு) இருந்தவரா இருந்தா இன்னும் நல்லது. பொய் எழுதினா குத்தம், அதனால தெரிஞ்சதை மட்டும் எழுதுங்க.

சில குடும்பத்துல சிக்கல் ஆழமானது. ஜப்பான்காரன் காலத்துல சயாம் ரயில் ரோட்டுக்கு பிடிச்சிட்டு போய் திரும்பாத தாத்தாவுக்கு சாவு பத்திரம் எங்கேருந்து வரும்? அவர் 1950-க்கு முன்னாடியே போயிட்டதால அவரை முதல் ஆளா வெக்காதீங்க, இங்க இருந்து வளர்ந்த அவர் மகனையோ மகளையோ முதல் ஆளா வெச்சி, தாத்தா அவங்க அப்பா, இந்தியாவுல பிறந்தவர்னு காட்டினா போதும். சாவு பத்திரத்துக்கு அவசியம் வராம போகலாம். அப்புறம் எடுத்து வளர்த்த பிள்ளைங்க, தோட்டத்துல இது சகஜம், பக்கத்து வீட்டு பிள்ளையை பேர் மாத்தி பதிஞ்சிருப்பாங்க. இதுல மட்டும் நீங்களா எதையும் எழுதாம ஒரு வக்கீலை பாருங்க, ஏன்னா இதுல ஐசி விஷயமும் மாட்டும்.

ஏஜண்டுங்க பத்தி ஒரு வார்த்தை. ஃபாரம் நிரப்பி குடுக்க காசு வாங்கறவங்களை நான் குத்தம் சொல்லல, ஆன்லைன் தெரியாத பெரியவங்களுக்கு அது உதவிதான். ஊர்லேருந்து தாத்தாவுக்கு ஒரிஜினல் பொறப்பு பத்திரம் எடுத்து தர்றேன், இவ்வளவு ஆயிரம் வெள்ளி (ரிங்கிட்) ஆகும்னு சொல்றவங்ககிட்ட மட்டும் போகாதீங்க. 1910-ல பிறந்தவருக்கு இப்ப புதுசா கம்ப்யூட்டர் பத்திரம் வந்தா யாருக்கா இருந்தாலும் சந்தேகம் வரும், பொய் ஆதாரத்துல வாங்கின கார்டை எத்தனை வருஷம் கழிச்சும் ரத்து பண்ண சட்டத்துல இடம் இருக்கு.

ஃபாரம் ஆன்லைன்லதான், ஓசிஐ சர்வீசஸ் டாட் கவ் டாட் இன். முதல் பாகம், ரெண்டாவது பாகம்னு பிரிச்சி இருக்கும், ஃபோட்டோ சதுரமா 51 மில்லிமீட்டர், நம்ம பாஸ்போர்ட் ஃபோட்டோ அளவு செல்லாது. பேர் பாஸ்போர்ட்ல எப்படி இருக்கோ எழுத்துக்கு எழுத்து அப்படியே, இன்னார் மகன், இன்னார் மகள்னு குறிக்கற ஏ எல், ஏ பி இருந்தா அதை எங்க போடறதுன்னு ஹை கமிஷன் வெப்சைட்ல பாத்துட்டு போடுங்க. மலாய்ல இருக்கற பத்திரத்துக்கு இங்கிலீஷ் மொழிபெயர்ப்பு வேணும், ஐடிபிஎம்ல (அரசாங்க மொழிபெயர்ப்பு நிறுவனம்) பண்ணினா கேள்வி வராது. புதுசா எடுக்க கட்டணம் 275 அமெரிக்க டாலர், அதை வெள்ளி கணக்குல வாங்குவாங்க, சர்வீஸ் சார்ஜ் தனி, குடும்பத்துல நாலு பேர்னா பெரிய காசு, அதனால முதல்ல பேப்பர் பலமா இருக்கற ஒருத்தருக்கு போட்டு, கிடைச்சதும் அதே ஆதாரத்தை வெச்சி மத்தவங்களுக்கு போடுங்கன்னுதான் நான் சொல்வேன். கூடப்பிறந்தவங்களுக்கு கார்டு இருந்தா அதோட காப்பியையும் வைங்க.

ஃபைலை அடுக்கும்போது மேல குடும்ப மரம், அதுக்கப்புறம் உங்க பேப்பர், அப்பா பேப்பர், தாத்தா பேப்பர்னு ஏறு வரிசை, கடைசியில சூராட் அக்குவான். ஒரிஜினலை காட்டணும், குடுக்கறது காப்பி, ஒரிஜினலை கவுண்டர்லயே விட்டுட்டு வராதீங்க. இன்னும் பேப்பர் கேட்டா என்ன பேப்பர், எதுக்குன்னு எழுத்துல கேட்டு வாங்குங்க, வாய்ல சொன்னதை கேட்டு ஈப்போவுக்கும் கேஎல்லுக்கும் அலையறதை விட அது மேல். கார்டு வந்ததுக்கு அப்புறம் 20 வயசுக்கு கீழ உள்ள பிள்ளைங்க பாஸ்போர்ட் மாத்தற ஒவ்வொரு தடவையும் புது பாஸ்போர்ட்டையும் ஃபோட்டோவையும் ஆன்லைன்ல ஏத்தணும், 20 முடிஞ்சி முதல் பாஸ்போர்ட் எடுக்கும்போது கார்டையே ஒரு தடவை மாத்தணும், 50 தாண்டினதும் இன்னொரு தடவை ஏத்தணும். ஏத்தறதுக்கு காசு கிடையாது, பாஸ்போர்ட் கிடைச்ச மூணு மாசத்துக்குள்ள பண்ணிடுங்க.